பழைய டொமைனின் கையை விடாமல்: என்டி 4-இலிருந்து ஆக்டிவ் டைரக்டரிக்கு

ஒரு நிறுவனத்தின் வலையமைப்பில் யார் யார் பயனர்கள், எந்தெந்தக் கணினிகள் உறுப்பினர்கள், யாருக்கு எந்தக் கோப்புறை திறக்கும் என்ற விவரங்களை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு, கேட்கும் கணினிகளுக்கெல்லாம் விடை சொல்லும் சர்வரே டைரக்டரி சர்வர் எனப்படுகிறது. இந்தச் சர்வரின் பதிப்பை உயர்த்தும்போது தரவுத்தளத்தைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் வேலை பெரும்பாலும் தொல்லையின்றி முடிந்துவிடும். அதற்கான கருவியைத் தயாரிப்பாளரே எழுதிக் கொடுத்துவிடுகிறார். இன்னும் பழைய பதிப்பிலேயே நிற்கும் அண்டை டொமைன்களோடு இருக்கும் தொடர்பு அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்வதுதான் நிர்வாகிகளின் தூக்கத்தைக் கெடுத்த வேலை. பழைய டொமைனால் வளைந்துகொடுக்க முடியாது என்பதால் வளைய வேண்டியது எப்போதும் புதிய சர்வரே ஆகிறது. தொடர்பு நீடிக்கும்வரை அதன் பாதுகாப்பு அளவுகோல் பழையதன் உயரத்துக்குத் தாழ்ந்தே நிற்கிறது. மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் என்டி 4 டொமைன்களிலிருந்து ஆக்டிவ் டைரக்டரிக்கு நிகழ்ந்த நீண்ட பெயர்ச்சி இதற்கு நல்ல சான்று.

1996-இல் வெளிவந்த என்டி 4-இல் ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு முதன்மை டொமைன் கன்ட்ரோலர் உண்டு. பிடிசி என்று சுருக்கி அழைக்கப்பட்ட அதில் மட்டுமே புதிய கணக்கை உருவாக்கவோ கடவுச்சொல்லை மாற்றவோ முடியும். பேக்கப் கன்ட்ரோலர்கள் எனப்பட்ட துணைக் கன்ட்ரோலர்கள் அதன் நகலை வாங்கிவைத்து உள்நுழைவுக் கோரிக்கைகளுக்கு விடை சொல்லும். கணக்குகள் இருந்த சாம் தரவுத்தளம் 40 எம்பி அளவைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்பது அக்காலத்துப் பரிந்துரை. சுமார் 40,000 கணக்குகளுக்கு மேல் அது தாங்காது என்பதே அதன் பொருள். ஆகவே பெரிய நிறுவனங்கள் தம் வலையமைப்பைப் பல டொமைன்களாகப் பிரித்து, பயனர் கணக்குகளை ஒரு டொமைனிலும் கோப்பு, பிரிண்டர் சர்வர்களை வேறு டொமைன்களிலும் வைத்தன. முன்னதைக் கணக்கு டொமைன் என்றும் பின்னதை வள டொமைன் என்றும் குறிப்பிடலாம்.

இவற்றை இணைத்தது ட்ரஸ்ட் என்னும் நம்பகத் தொடர்பு. வள டொமைன் கணக்கு டொமைனை நம்பினால், பின்னதில் கணக்கு வைத்திருப்பவர் முன்னதில் உள்ள கோப்புறையைத் திறக்க இயலும். என்டியின் ட்ரஸ்ட் ஒருவழிப்பட்டது, தாவாதது. அதாவது முதல் டொமைன் இரண்டாவதை நம்பி, இரண்டாவது மூன்றாவதை நம்பினாலும், முதல் டொமைனுக்கு மூன்றாவதன் மீது எந்த நம்பிக்கையும் பிறப்பதில்லை. பத்து டொமைன்கள் ஒன்றையொன்று முழுமையாக நம்ப வேண்டுமானால் 90 ட்ரஸ்டுகளைத் தனித்தனியே கையால் அமைக்க வேண்டும். 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000-உடன் வந்த ஆக்டிவ் டைரக்டரி, ஃபாரஸ்ட் என்ற ஒரே குடைக்குள் இருக்கும் டொமைன்களுக்கு இருவழிப்பட்ட, தாவும் ட்ரஸ்டைத் தானே அமைத்துக்கொண்டது. அதே பத்து டொமைன்களுக்கு ஒன்பது இணைப்புகள் போதுமானவையாயின. ஆனால் குடைக்கு வெளியே நிற்கும் என்டி டொமைனுடன் பேசும்போது அதுவும் பழைய ஒருவழி ட்ரஸ்டுக்கும், விண்டோஸில் கெர்பரோஸ் அங்கீகார முறைக்கு முன் இருந்த என்டிஎல்எம் முறைக்கும் இறங்கிவர வேண்டியிருந்தது.

இத்தகைய இறங்கிவருதல் மைக்ரோசாஃப்டுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. நோவெல் நிறுவனம் 1993-இல் நெட்வேர் 4-உடன் மர வடிவ டைரக்டரியைக் கொண்டுவந்தபோது, நெட்வேர் 3-இன் ஒவ்வொரு சர்வரிலும் தனித்தனியாக இருந்த பைண்டரி என்ற தட்டையான கணக்கேட்டைப் போலவே நடித்துக்காட்டும் வசதியையும் சேர்த்தே கொடுத்தது. புதிய டைரக்டரி எதுவும் பழையதைப் போல நடிக்கத் தெரியாமல் சந்தைக்கு வந்து பிழைத்ததில்லை என்றே சொல்லலாம்.

என்டியிலிருந்து மாறியவர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. புதிய ஃபாரஸ்டைத் தனியே எழுப்பி, கணக்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாக அங்கே குடிபெயர்ப்பது ஒன்று; இருக்கும் டொமைனை இருந்த இடத்திலேயே உயர்த்துவது மற்றொன்று. இரண்டாவதில் முதலில் உயர்த்தப்பட வேண்டியது முதன்மைக் கன்ட்ரோலர். அப்படி உயர்த்தினால் டொமைனின் நெட்பயாஸ் பெயரும், எஸ்ஐடி எனப்படும் பாதுகாப்பு அடையாள எண்ணும் மாறுவதில்லை; அண்டை டொமைன்களுடன் ஏற்கெனவே இருந்த ட்ரஸ்டுகளும் அப்படியே தொடர்கின்றன. உயர்த்தப்பட்ட சர்வர், பிடிசி எமுலேட்டர் என்ற பாத்திரத்தை ஏற்று, மீதமுள்ள என்டி துணைக் கன்ட்ரோலர்களுக்குப் பழைய முதன்மைக் கன்ட்ரோலர் போலவே நகல்களை அனுப்பிக்கொண்டிருக்கும். எச்சரிக்கையான நிர்வாகிகள் வேலை தொடங்குவதற்கு முன் ஒரு துணைக் கன்ட்ரோலரை முழுமையாக ஒத்திசைத்துவிட்டு, கேபிளைக் கழற்றித் தனியே வைத்துவிடுவார்கள். புதியது சொதப்பினால் அதை மீண்டும் இணைத்து முதன்மையாக உயர்த்திப் பழைய நிலைக்குத் திரும்பலாம். பின்வாங்குவதற்கு அதைவிட நம்பத்தக்க வழி அன்று வேறொன்றும் இருக்கவில்லை.

இந்த வழியில் பலர் எதிர்பாராத ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. விண்டோஸ் 2000 புரொஃபெஷனல் நிறுவப்பட்ட கணினி, தன் டொமைனில் ஆக்டிவ் டைரக்டரி கன்ட்ரோலர் ஒன்றை ஒருமுறை கண்டுகொண்டால் அதன்பின் என்டி கன்ட்ரோலர்களை ஏறெடுத்தும் பார்க்காது. நூற்றுக்கணக்கான கணினிகள் ஏற்கெனவே 2000-க்கு மாறிவிட்ட நிறுவனத்தில் முதல் கன்ட்ரோலரை உயர்த்திய மறுநாள் காலை அத்தனை உள்நுழைவும் அந்த ஒரே சர்வரின் மீது வந்து விழும். கிளை அலுவலகத்தில் துணைக் கன்ட்ரோலர் பக்கத்திலேயே சும்மா இருக்க, அங்குள்ள கணினிகள் தலைமையகத்துச் சர்வரைத் தேடி மெதுவான தொலைதூர இணைப்பில் காத்துக் கிடக்கும். இதற்கு மாற்றாக, நெட்லோகன் சேவைக்குரிய ரெஜிஸ்ட்ரி பகுதியில் என்டி4எமுலேட்டர் என்ற மதிப்பை 1 என்று பதிந்துவிட்டுக் கன்ட்ரோலரை உயர்த்தினால், அது தன்னை ஆக்டிவ் டைரக்டரி என்று காட்டிக்கொள்ளாமல் என்டி கன்ட்ரோலராகவே வேடம் பூண்டிருக்கும். வேடத்துக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டிய நிர்வாகியின் கணினிக்கும், அடுத்து உயர்த்தப்படவிருக்கும் கன்ட்ரோலர்களுக்கும் மட்டும் அந்த வேடத்தைச் செல்லாததாக்கும் இன்னொரு மதிப்பு தனியே உண்டு. உயர்த்துவதற்கு முன் செய்ய வேண்டிய பதிவு இது. உள்நுழைவு நெரிசல் தொடங்கிய பின்பு செய்தால், ஏற்கெனவே புதியதைக் கண்டுவிட்ட கணினிகளைப் பழைய வழக்கத்துக்குத் திருப்புவது எளிதாக இராது.

என்டி துணைக் கன்ட்ரோலர்களை டொமைனுக்குள் அனுமதிக்கும் கலப்பு நிலை, அனுமதிக்காத இயல்பு நிலை என்ற பாகுபாட்டைப் பற்றி அக்காலத்தில் பரவியிருந்த தவறான எண்ணம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். டொமைனை இயல்பு நிலைக்கு மாற்றினால் என்டி டொமைன்களுடனான ட்ரஸ்ட் அறுந்துவிடும் என்று அஞ்சி, ஆண்டுக்கணக்கில் கலப்பு நிலையிலேயே தங்கிவிட்ட நிறுவனங்கள் உண்டு. உண்மையில் இயல்பு நிலை தடுப்பது அதே டொமைனுக்குள் என்டி துணைக் கன்ட்ரோலர்கள் இருப்பதை மட்டுமே. என்டி இயங்கும் உறுப்பினர் சர்வர்களுக்கோ, அண்டையில் உள்ள என்டி டொமைன்களுக்கோ அதனால் எந்த இடைஞ்சலும் இல்லை. திரும்பி வர முடியாத மாற்றம் என்ற எச்சரிக்கைச் செய்தியே இந்த அச்சத்தை வளர்த்திருக்க வேண்டும்.

ட்ரஸ்ட் அறுபடும் இடங்களில் முதலாவது பெயர். ஆக்டிவ் டைரக்டரி டிஎன்எஸ் வழியாகத் தன் கன்ட்ரோலர்களைக் கண்டுபிடிக்கிறது. என்டிக்கோ நெட்பயாஸ் பெயர்களே தெரியும். நெட்பயாஸ் பெயர் 16 பைட்டுகள் கொண்டது. முதல் 15 பைட்டுகள் பெயருக்கு, கடைசி ஒன்று சேவையின் வகைக்கு. பதினாறடிமான எண்முறையில் 1பி என்று முடியும் பெயர் டொமைனின் முதன்மைக் கன்ட்ரோலரையும், 1சி என்று முடிவது எல்லாக் கன்ட்ரோலர்களின் குழுவையும் குறிக்கும். இந்தப் பெயர்களை ஐபி முகவரியாக மாற்றித்தரும் வின்ஸ் சர்வர் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தால் கவலையில்லை. இல்லாத இடத்தில் எல்எம்ஹோஸ்ட்ஸ் என்ற எளிய உரைக்கோப்பில் கையால் எழுத வேண்டும், அங்கேதான் பலருடைய பிற்பகல்கள் வீணாயின. 1பி வகைப் பதிவை எழுதும்போது டொமைன் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டு, பெயர் எத்தனை எழுத்தாக இருந்தாலும் இடைவெளிகளால் நிரப்பிச் சரியாக 15 எழுத்தாக்கி, அதன்பின் பின்சாய்கோட்டுடன் தொடங்கும் வகைக் குறியீட்டின் ஐந்து எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். மேற்கோள்களுக்கு இடையில் மொத்தம் 20 எழுத்துகள். ஓர் இடைவெளி குறைந்தாலும் மிகுந்தாலும் பிழைச்செய்தி எதுவும் வராது. டொமைனைக் காணவில்லை என்ற பதில் மட்டும் வரும். அதனால் அனுபவசாலிகள், என்பிடிஸ்டாட் கட்டளையால் பெயர்த் தற்காலிக நினைவகத்தைப் புதுப்பித்து, அதன் பட்டியலில் 1பி பதிவு தெரிகிறதா என்று பார்த்த பின்பே ட்ரஸ்ட் அமைக்கும் திரையைத் திறப்பார்கள்.

இரண்டாவது இடம் ட்ரஸ்டின் கடவுச்சொல். ஒவ்வொரு ட்ரஸ்டுக்கும் இரு முனைகள் உண்டு: நம்பப்படும் டொமைனில், நம்பும் டொமைனின் பெயரால் ஒரு மறைவான கணக்கு உருவாகிறது, நம்பும் டொமைன் அதற்குரிய கடவுச்சொல்லைத் தன்னிடம் இரகசியமாக வைத்துக்கொள்கிறது. எனவே நம்பப்படும் தரப்பில் முதலில் அனுமதி பதிந்துவிட்டு, அதன்பின் நம்பும் தரப்பில் அதை ஏற்பதே முறை. முதலில் பதியும் கடவுச்சொல் நிர்வாகிகள் பேசிவைத்துக்கொண்டதாக இருந்தாலும், தொடர்பு நிலைபெற்ற பின் கணினிகளே அதை மாற்றிக்கொள்கின்றன, பின்னும் குறித்த இடைவெளிகளில் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பல வாரங்களுக்கு முந்தைய பேக்கப்பிலிருந்து பழைய கன்ட்ரோலரை மீட்டெடுத்தால் ட்ரஸ்ட் வேலை செய்யாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். இரு முனைகளிலும் அழித்துவிட்டுப் புதிதாக அமைப்பதைத் தவிர வேறு பரிகாரம் தேடுவது நேர விரயம்.

மூன்றாவது இடம்தான் உண்மையான விலை செலுத்தப்படும் இடம். என்டி வள டொமைனில் ஒரு கோப்புறைக்கு அனுமதி அமைக்கும் நிர்வாகி, கணக்கு டொமைனின் பயனர் பட்டியலைத் திரையில் பார்க்க விரும்பினால், அவருடைய சர்வர் அந்தப் பட்டியலைப் பெயரில்லாத இணைப்பின் வழியாகவே கேட்கும். ஒருவழி ட்ரஸ்டில் கேட்பவரின் கணக்கு மறுமுனைக்குத் தெரியாது என்பதால் அதற்கு வேறு வழியில்லை. இதற்காகவே ஆக்டிவ் டைரக்டரியில் விண்டோஸ் 2000-க்கு முந்தைய இணக்க அணுகல் என்ற பொருளுடைய ஒரு குழு உள்ளமைந்து வந்தது. அதில் ‘எவரும்’ என்ற குழுவும் பெயரிலி இணைப்பும் சேர்க்கப்பட்டால், வலையமைப்பைத் தொட முடிந்த யாராயினும் பயனர் பட்டியலைக் கடவுச்சொல்லின்றிப் படித்துவிடலாம். 2003-இல் வந்த பதிப்பு இந்தக் கதவுகளை இயல்பாகவே சாத்தத் தொடங்கியது. கன்ட்ரோலருடன் நடக்கும் கோப்புப் பரிமாற்றம் கையொப்பமிடப்பட வேண்டும், கன்ட்ரோலர்களுக்கு இடையிலான நெட்லோகன் வழித்தடம் கையொப்பமோ குறியாக்கமோ பெற்றிருக்க வேண்டும் என்றெல்லாம் கட்டாயப்படுத்தியது. என்டி பக்கத்தில் சர்வீஸ் பேக் 6ஏ வரை ஏற்றியிருந்தால் இவற்றில் பெரும்பகுதியைச் சமாளிக்க முடிந்தது. ஆனால் நடைமுறையில் பல நிர்வாகிகள் பழையதற்குப் பேட்ச் போடுவதைவிடப் புதியதில் கட்டாயத்தைத் தளர்த்துவதையே தேர்ந்தெடுத்தனர். ஒரு கொள்கையை அணைத்தால் உடனே வேலை நடந்தது, யாரும் தொலைபேசியில் கூப்பிடவில்லை. 2008 பதிப்பு, என்டி 4 காலத்துக் குறியாக்கப் படிமுறைகளையே இயல்பாக மறுத்தது. அதையும் அனுமதிக்க ஒரு கொள்கை உண்டு, அதன் பெயரிலேயே என்டி 4 என்று எழுதியிருந்தது. மைக்ரோசாஃப்ட் என்டி 4 சர்வருக்கான ஆதரவை 2004 இறுதியிலேயே நிறுத்திவிட்டது என்பதை நினைத்தால், அதற்குப் பின் வந்த சர்வரிலும் இப்படியொரு விசை இருந்ததே பழைய டொமைன்கள் எவ்வளவு நாள் நீடித்தன என்பதைச் சொல்லிவிடும்.

கணக்குகளைப் புதிய ஃபாரஸ்டுக்குக் குடிபெயர்த்தவர்கள் வேறொரு முடிச்சை எதிர்கொண்டனர். கோப்புறையின் அனுமதிப் பட்டியலில் எழுதப்படுவது பயனரின் பெயரல்ல, அவருடைய எஸ்ஐடி. புதிய டொமைனில் அதே பெயரில் கணக்கு தொடங்கினாலும் எண் வேறாகிவிடும், பழைய கோப்புறை திறக்காது. இதைத் தீர்க்க, எஸ்ஐடி வரலாறு என்ற பண்பு புதிய கணக்கில் பழைய எண்ணையும் சுமந்து செல்கிறது. அதை எழுதுவதற்கான முன்னேற்பாடுகள் ஏறக்குறைய சடங்கு போன்றவை: புதிய டொமைன் இயல்பு நிலையில் இருக்க வேண்டும், பழைய டொமைனில் கணக்குத் தணிக்கை இயங்க வேண்டும், அதன் முதன்மைக் கன்ட்ரோலரின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து அதை மறுதொடக்கம் செய்ய வேண்டும், அங்கே டொமைனின் பெயரோடு மூன்று டாலர் குறிகளைச் சேர்த்த பெயரில் உறுப்பினரே இல்லாத ஓர் உள்ளகக் குழுவும் இருக்க வேண்டும். அந்தக் குழுவில் யாரையேனும் சேர்த்துவிட்டால் காரியம் கெட்டுவிடும்.

இத்தனையும் முடித்த பிறகும் கோப்புறை திறக்காமல் போகலாம். நம்பப்படும் டொமைனின் நிர்வாகி ஒருவர் தன் கணக்கில் அயல் எஸ்ஐடியைச் செருகிக்கொண்டு, நம்பும் டொமைனில் தனக்கு இல்லாத அதிகாரத்தைப் பெற முடியும் என்பதை மைக்ரோசாஃப்ட் 2002 ஜனவரியில் ஒரு பாதுகாப்பு அறிவிக்கையில் ஒப்புக்கொண்டது. அதன் தொடர்ச்சியாக, விண்டோஸ் 2000-இன் நான்காம் சர்வீஸ் பேக்கிலிருந்தும் 2003-இலிருந்தும் புதிதாக அமைக்கப்படும் வெளி ட்ரஸ்டுகளில் எஸ்ஐடி வடிகட்டல் தானாகவே இயங்கத் தொடங்கியது. நம்பப்படும் டொமைனுக்குச் சொந்தமில்லாத எண் எதுவும் எல்லையைத் தாண்டாது. எஸ்ஐடி வரலாற்றில் இருப்பதோ இயல்பாகவே வேறு டொமைனின் எண். குடிபெயர்வுக் காலத்தில் நெட்டாம் கட்டளையால் வடிகட்டலை நிறுத்தி, முடிந்தபின் மீண்டும் இயக்க வேண்டும்; நிறுத்திய கையே மீண்டும் இயக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதால், அந்தத் தேதியை நாட்காட்டியில் வேறொருவர் குறித்துவைப்பது நல்லது.

பழைய முறையின் ஆயுளை நீட்டித்ததில் சாம்பாவுக்குத் தனி இடமுண்டு. 1992-இல் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜல் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருள், லினக்ஸ் சர்வரை என்டி பாணி டொமைன் கன்ட்ரோலராக்கியது. மைக்ரோசாஃப்ட் என்டியைக் கைவிட்ட பின்பும் என்டி டொமைன்கள் சாம்பா 3-இன் உருவில் தொடர்ந்து வாழ்ந்தன. விண்டோஸ் 7 அவற்றில் சேர இரண்டு ரெஜிஸ்ட்ரி மதிப்புகளைக் கையால் பதிய வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்டுக்கு எதிரான ஐரோப்பிய ஆணையத்தின் 2004-ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து, 2007 டிசம்பரில் 10,000 யூரோ கட்டணத்தில் மைக்ரோசாஃப்டின் நெறிமுறை ஆவணங்கள் சாம்பா குழுவினருக்குக் கிடைக்க வழி பிறந்தது. 2012 டிசம்பரில் வந்த சாம்பா 4 ஆக்டிவ் டைரக்டரி கன்ட்ரோலராகவே இயங்கியது. பழைய சாம்பா டொமைனை எஸ்ஐடி மாறாமல் புதியதாக்கும் கட்டளை அதில் உண்டு. புதிய கன்ட்ரோலரை ஒருமுறை கண்டுவிட்ட விண்டோஸ் கணினி பழைய சாம்பாவுக்குத் திரும்பாது என்ற அதே குணம் இங்கும் தொடர்வதால், சோதனை ஓட்டத்தைத் தனித்த வலையமைப்பில் நடத்தாதவர்கள் கணினிகளை ஒவ்வொன்றாக மீண்டும் டொமைனில் சேர்க்க நேர்ந்தது.

இன்றைய உயர்த்தல்களில் என்டி இல்லை, ஆனால் கதையின் போக்கு அதேதான். 2019 சர்வரைக் கன்ட்ரோலராகச் சேர்க்க வேண்டுமானால், சிஸ்வால் கோப்புறையை நகலாக்கும் பழைய எஃப்ஆர்எஸ் முறையிலிருந்து டிஎஃப்எஸ்ஆர் முறைக்கு முன்பே மாறியிருக்க வேண்டும். 2025 சர்வருக்கோ டொமைனின் செயல்நிலை குறைந்தது 2016-ஆக இருக்க வேண்டும். 2012 ஆர்2 கன்ட்ரோலர் ஒன்று மூலையில் எஞ்சியிருந்தாலும் அந்தச் செயல்நிலையை எட்ட முடியாது. இவை வெளிப்படையான தடைகள் என்பதால் சிக்கலும் குறைவு, கருவியே நிறுத்திவைத்துச் சொல்லிவிடுகிறது.

கவலைக்குரியவை சொல்லாமல் இருப்பவை. 2020 ஆகஸ்டில் சரிசெய்யப்பட்ட ஜீரோலோகன் என்ற ஓட்டை, என்டி காலத்திலிருந்து வந்த நெட்லோகன் நெறிமுறையில் இருந்தது. குறியாக்கம் ஒவ்வொரு முறையும் வேறுபட்ட தொடக்க மதிப்போடு நடக்க வேண்டிய இடத்தில் எப்போதும் பூஜ்யங்களையே வைத்திருந்ததால், பூஜ்யங்களை மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கும் ஒருவர் சராசரியாக 256 முயற்சிகளில் ஒருமுறை கன்ட்ரோலராகவே நடித்து உள்ளே நுழைந்துவிடலாம். கணினிக் கணக்குகளுக்குத் தவறான முயற்சிகளை எண்ணிப் பூட்டும் வழக்கமும் இல்லை. திருத்தம் வந்தபோது, பாதுகாப்பான வழித்தடத்தைப் பேசத் தெரியாத பழைய கருவிகளுக்காகவும் ட்ரஸ்டுகளுக்காகவும் மீண்டும் ஒரு விலக்குக் கொள்கை சேர்க்கப்பட்டது. 2021 பிப்ரவரி 9 முதல் கட்டாயம் நடைமுறைக்கு வந்தபின், மறுக்கப்பட்ட ட்ரஸ்ட் கணக்கு 5828 என்ற நிகழ்வு எண்ணிலும், விலக்கால் அனுமதிக்கப்பட்டது 5831 என்ற எண்ணிலும் கன்ட்ரோலரின் பதிவேட்டில் இடம்பெறுகின்றன. எந்தப் பழைய டொமைனுக்காகப் புதிய சர்வர் இன்னும் வளைந்து நிற்கிறது என்பதைத் தேடி அலைய வேண்டியதில்லை. 5831 பதிவுகளை டொமைன் பெயரால் தொகுத்தால் பட்டியல் கிடைத்துவிடும்.

அந்தப் பட்டியலில் இருக்கும் ட்ரஸ்டை நீக்க முடிவு செய்பவர்கள் வேலையைக் கோப்பு சர்வர்களிலிருந்து தொடங்குவதே நல்லது. ட்ரஸ்ட் உயிரோடு இருக்கும்வரை அனுமதிப் பட்டியல்களில் உள்ள பழைய எண்கள் பயனர் பெயர்களாகத் திரையில் தெரியும். அவற்றை ஏற்றுமதி செய்து, ஒவ்வொன்றுக்கும் ஈடான புதிய குழுவை எழுதி மாற்றிவிடலாம். ட்ரஸ்டை முதலில் அழித்துவிட்டால் அதே இடத்தில் எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீண்ட எண்கள் மட்டுமே எஞ்சும், அவை யாருடையவை என்று கேட்க ஆளிருக்காது. அதன்பின் இரு முனைகளிலும் ட்ரஸ்டை நீக்கி, வின்ஸ், எல்எம்ஹோஸ்ட்ஸ் பதிவுகளை அழித்து, அந்த ட்ரஸ்டுக்காகத் தளர்த்திய கொள்கைகளைப் பழைய இறுக்கத்துக்குக் கொண்டுவந்து, இணக்க அணுகல் குழுவில் பெயரிலி இணைப்பு இன்னும் உறுப்பினராக இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். 2000-இல் சேர்த்த உறுப்பினர், இடைப்பட்ட எந்தப் பதிப்பு உயர்விலும் தானாக நீங்குவதில்லை.